பனை நிற்கும் நிலம் கைக்கு வந்திருக்கிறதா? முதல் ஒரு வருடம் இப்படிப் போகட்டும்

ஊரில் ஒரு துண்டு நிலம் பங்காகக் கைக்கு வந்திருக்கிறது, அதில் பத்து இருபது பனை நிற்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களைத் தேடி முதலில் யார் வருவார் என்று இப்போதே சொல்லிவிடலாம். செங்கல் சூளைக்கு மரம் எடுப்பவர் வருவார். "சும்மாதான நிக்குது, வெட்டிட்டா நெலமும் சுத்தமாயிரும், காசும் வந்துரும்" என்பார். எங்கள் விளைக்கும், அதாவது பனந்தோட்டத்துக்கும் வந்தார், நல்ல வேளையாக அன்று ஆச்சி வீட்டில் இருந்தாள். அவருக்கு எந்தப் பதிலும் சொல்லாமல் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், அந்த ஒரு வருடத்தில் என்னென்ன செய்து பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள், அதனால் அவர் கேட்டதும் தலையாட்டினால் வம்பும் உங்களுக்குத்தான்.

நான் எழுதுவது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுப் பக்கத்துப் பழக்கம். உடன்குடி, திருச்செந்தூர் சுற்றுவட்டாரச் செம்மண் பூமி. உங்கள் ஊரில் பெயர்கள் மாறும், மாதம் முன்னே பின்னே போகும், வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் ஏறிப் பார்க்கும் ஆசை வேண்டாம். கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டுத் தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறுகிற வேலை இல்லை இது, விழுந்தால் பிழைப்பது அரிது. பனையிலிருந்து கிடைப்பதில் பாதிக்கு மேல் தரையில் நின்றுகொண்டே எடுக்கக்கூடியது. அதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் மரங்களை எண்ணுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலையில் போய் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை வடலி என்று எழுதுங்கள். பனையில் ஆண் தனி மரம், பெண் தனி மரம். பெண் பனையில் குலை குலையாகக் காய் இருக்கும், இல்லாத காலத்தில் பழைய குலைக்காம்பாவது தொங்கும். ஆண் பனையில் காய் பிடிக்காது. விரல் விரலாக நீண்ட பூக்கதிர்தான் வரும், அதை எங்கள் பக்கம் அலகு என்பார்கள், காய்ந்த அலகுகள் மரத்தடியில் பழுப்பாக விழுந்து கிடப்பதை வைத்தே மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வடலி என்பது இன்னும் பாளை, அதாவது பூக்குலை விடாத இளம் பனை, அது ஆணா பெண்ணா என்று அதன் முதல் பாளை வரும்வரை யாராலும் சொல்ல முடியாது.

வடலியைச் சுற்றி நடக்கும்போது மட்டையின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். ரம்பப் பல் போல இருக்கும் அந்தக் கருக்கு, முழங்காலைக் கிழித்துவிடும். முழுக்கால் சட்டையும் செருப்புக்குப் பதில் நல்ல காலணியும் போட்டுக்கொண்டு போங்கள், காய்ந்த ஓலைக் குவியலில் கையை விடும் முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பும் தேளும் தங்குகிற இடம் அது.

ஆடி கடைசியிலிருந்து புரட்டாசி வரை: விழுவதைப் பொறுக்குங்கள்

பனம்பழத்தை யாரும் பறிப்பதில்லை. பழுத்தால் தானே விழும், விழுந்த சத்தம் கேட்டே எழுந்து போகிறவர்கள் உண்டு, வாசனையோ தெருமுனை வரை வரும். விடியற்காலையில் போய்ப் பொறுக்கிவிடுங்கள், வெயில் ஏறினால் வண்டு துளைத்துவிடும், ஆடுமாடும் விடாது. நின்றிருக்கும் நேரத்திலும் பழம் விழலாம், ஒன்றரைக் கிலோ எடை அந்த உயரத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்து மரத்துக்கு நேர் அடியில் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

சாப்பிடுவதற்குச் சுடுவதுதான் எளிது. காய்ந்த ஓலையையும் மட்டையையும் போட்டு எரித்து, கனலில் பழத்தைப் புரட்டிப் புரட்டி, தோல் கருகி உள்ளே கொதிக்கிற வரை சுட்டு, தலைப்பகுதியைப் பிடுங்கிவிட்டுக் கொட்டை கொட்டையாகப் பிய்த்து உறிஞ்ச வேண்டும். முதல் தடவை சாப்பிடுகிறவருக்கு மெல்லிய கசப்பு தெரியும், நார் பல்லில் மாட்டும். இரண்டாவது பழத்தில் பழகிவிடும். யாழ்ப்பாணத்தில் பழத்தின் இந்தச் சதைக் களியைப் பிழிந்து பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டு ஆக்குவார்கள், மாவில் பிசைந்து பனங்காய்ப் பணியாரம் சுடுவார்கள், நம் பக்கம் அந்தப் பழக்கம் குறைவு.

சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். சாப்பிடாத பழங்களையும் நிழலில் ஒரு மூலையில் குவித்து வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் சதை அழுகிக் கழன்றுவிடும். எந்த மரத்துப் பழம் பெரியது, எது நிறையக் காய்த்தது என்று தெரிந்தால் அந்த மரத்துக் கொட்டையைத் தனியாக வையுங்கள், பின்னால் நடுவதற்கு அதுதான் வேண்டும்.

கிழங்குப் பாத்தி

புதிதாக வருகிறவருக்கு நான் கட்டாயம் சொல்லுகிற வேலை இது. பெரிய செலவு இல்லை, ஏறவும் வேண்டாம், நாலு மாதத்தில் கையில் பலன். ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் செய்தால் முழுக்க வீணாகும், எனக்கு முதல் வருடம் அப்படித்தான் ஆனது.

பனங்கொட்டை முளைத்தால் முளை மேலே வராது, கீழே போகும். நேராக மண்ணுக்குள் ஓர் அடிக்கு மேல் இறங்கி, அங்கே தடித்துக் கிழங்காகிறது, அதற்குப் பிறகுதான் அதன் நடுவிலிருந்து ஓலை மேல்நோக்கி வரும். நான் அது தெரியாமல் தோட்டத்து ஓரத்தில் இறுகிய தரையை லேசாகக் கொத்திவிட்டுக் கொட்டைகளைப் புதைத்தேன். தை பிறக்கும்போது தோண்டிப் பார்த்தால் எல்லாம் குட்டையும் கோணலுமாக, தோல் எது சதை எது என்று தெரியாமல் கிடந்தது, பாதிக் கிழங்கு மண்வெட்டியிலேயே முறிந்துபோனது. பக்கத்து விளையில் பனையேறும் அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெழங்கு கீழ போற சாமான்லா, அதுக்கு எடம் குடுக்கணும். தரைக்கு மேல மண்ணக் குவிச்சு அதுல போடுங்க, அடுத்த வருசம் கையால உருவலாம்."

அதனால் செய்ய வேண்டியது இப்படி. ஆவணி புரட்டாசியில் தண்ணீர் தேங்காத மேட்டிடம் ஒன்றைப் பாருங்கள். நாலடி அகலம், உங்களிடம் இருக்கும் கொட்டைக்கு ஏற்ற நீளம், இரண்டடி உயரத்துக்கு மணல் கலந்த பொலபொலப்பான மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டுங்கள். களிமண்ணாக இருந்தால் ஆற்றுமணலோ தேரிமணலோ பாதிக்குப் பாதி கலக்க வேண்டும், கல்லும் வேரும் இருக்கக் கூடாது. சுற்றிலும் மட்டையையோ தென்னந்தடியையோ அணைத்து வைத்தால் மழையில் சரியாது. கையில் எடுத்தால் கனமே இல்லாத கொட்டைகளைக் கழித்துவிட்டு மற்றதைப் பாத்தியின் மேல் நெருக்கமாக, ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி படுக்கவைத்து அடுக்குங்கள். கொட்டை நிறைய இருந்தால் அதன் மேல் இன்னொரு வரிசையும் வைக்கலாம். மேலே நாலு விரல் மண், அதற்கு மேல் காய்ந்த ஓலை, அதற்கும் மேல் முள் வெட்டிப் போட்டால் பன்றியும் ஆடும் கிளறாது.

மழை வரும்வரை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்தால் போதும், ஐப்பசி கார்த்திகை மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நடுவில் ஆசைப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள், முளை ஒடிந்தால் அந்தக் கொட்டை அவ்வளவுதான். மார்கழிக் கடைசியில் ஓர் ஓரத்தில் மண்ணைச் சரித்துவிட்டு ஒன்றை உருவிப் பாருங்கள். தடித்து, நுனி கூர்மையாக, மேல்தோல் காய்ந்து உரியத் தொடங்கியிருந்தால் பொங்கலுக்குத் தயார். எங்கள் பக்கம் கிழங்கும் கரும்பும் மஞ்சள்குலையும் இல்லாமல் பொங்கல் படையல் கிடையாது, பொங்கல் பானைக்கு எரிக்கிறதே பனையோலைதான்.

அவிக்கும் முறை: தோலை உரித்து, வாலையும் தலையையும் நறுக்கி, நன்றாகக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். பிஞ்சுக்கும் முற்றியதற்கும் நேரம் வேறு, குத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் குருத்தையும் ஓர நாரையும் உரித்துவிட்டு, சின்னச் சின்னதாக ஒடித்துச் சாப்பிடுங்கள். மிஞ்சினால் அவித்த கிழங்கைப் பிளந்து நன்றாகக் காயவைத்து வைக்கலாம், ஈழத்தில் அதைப் புழுக்கொடியல் என்பார்கள். அவிக்காமல் காயவைப்பது ஒடியல், அதன் மாவில்தான் ஒடியல் கூழ்.

கிழங்கு எடுத்த கொட்டைகளை அரிவாளால் வெட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக இருப்பது தவுண். லேசான இனிப்பு. கிழங்கு முற்றமுற்ற அது வற்றிக்கொண்டே போகும், நல்ல தவுண் வேண்டுமென்றால் ஒரு இருபது கொட்டையைக் கார்த்திகையிலேயே வெட்ட ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது நடந்தே ஆகும். வெறும் ஓட்டைக் காயவைத்து அடுப்புக்குப் போடலாம்.

சரி, தனியாக வைத்த நல்ல மரத்துக் கொட்டைகளையும் இதே மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள். வேலி ஓரம், வரப்பு, குளக்கரை. பத்தடிக்கு ஒன்று. கிழங்கு கீழே இறங்குவதால் பிடுங்கி நடுவது சிரமம், அதனால் எங்கே மரம் வேண்டுமோ அங்கேயே கொட்டையைப் போடுவதுதான் வழக்கம். முதல் வருடம் புல் மாதிரி ஒற்றை ஓலைதான் தெரியும், களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாமல் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பாளை விட 15 வருடமாவது ஆகும்.

கார்த்திகை: ஓலையும் மாவளியும்

ஓலையில் தொடங்க நல்ல நாள் கார்த்திகை தீபம்தான். அன்று ஓலைக் கொழுக்கட்டை அவிக்கக் குருத்தோலை வேண்டும், வடலியில் கைக்கு எட்டுகிற உயரத்தில் கிடைக்கும். ஒரு வடலியில் ஒரு குருத்துக்கு மேல் வெட்டாதீர்கள். பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் இருக்கும் ஒரே மொட்டில்தான் அதன் உயிர், அடிவரை தோண்டி வெட்டினால் மரமே போய்விடும். வறுத்த பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, கொஞ்சம் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, ஒரு சாண் நீளம் நறுக்கிய ஓலையின் மடிப்புக்குள் அடைத்து, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வைத்தால், வெந்து வரும்போது வருகிற அந்த ஓலை மணத்துக்காகவே அடுத்த வருடமும் செய்வீர்கள்.

அதே நாளில் பிள்ளைகளுக்கு மாவளி. காய்ந்த அலகுகளைச் சேர்த்து ஒரு குழியில் போட்டு எரித்து, கனலாக இருக்கும்போதே மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் கரியாக இருக்கும். அதை இடித்து, கொஞ்சம் உப்புக் கலந்து, பழைய பருத்தித் துணியில் இறுக்கமாகச் சுருட்டித் தைத்து, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நீளக் கயிறு மாட்டி, நுனியில் ஒரு தணலை வைத்துச் சுழற்றினால் தீப்பொறி வட்டம் வட்டமாகப் பூவாய்ச் சொரியும். திறந்த வெளியில் மட்டும் சுற்றுங்கள், கூரை வீடும் வைக்கோல் படப்பும் இருக்கும் பக்கம் கூடவே கூடாது.

பெட்டி முடைய ஆசை இருந்தால் குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, முடைவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த ஓலையை மடக்கினால் முறியும். ஆனால் எழுத்தில் படித்து முடைச்சல் வராது, ஊரில் கடகமோ கொட்டானோ முடைகிற ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாள் கையைப் பார்க்க வேண்டும். அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய செட்டிநாட்டுக் கொட்டானும் இப்படி வீட்டுத் திண்ணையில் கைமாறி வந்ததுதான்.

மாசி முதல்: பதநீர்

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஒரு பனையேறி வேண்டும், தை மாதமே போய்ப் பேசிவிடுங்கள். அவருக்கு ஊரில் ஏற்கெனவே முப்பது நாற்பது மரம் இருக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறவர் அவர், உங்கள் பத்து மரத்தை ஏற்றுக்கொள்வது பெரிய காரியம். மரத்துக்கு இவ்வளவு என்று பருவத்துக்குப் பாட்டம், அதாவது குத்தகை பேசலாம், கருப்பட்டியில் பங்கு பேசலாம். நான் சொல்வது, முதல் வருடம் பணமே கேட்காதீர்கள். வீட்டுக்குக் குடிக்கப் பதநீரும் கொஞ்சம் கருப்பட்டியும் போதும் என்று விட்டுவிடுங்கள். ஏறாமல் கிடந்த மரத்தில் பழைய மட்டையையும் மட்டை அடியில் வலை போல இருக்கும் பன்னாடையையும் கழித்துச் சுத்தம் செய்வதே அவருக்கு ஒரு வார வேலை.

அவரோடு உட்கார்ந்து நோட்டைத் திறந்து முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெண் பனையின் பாளையைச் சீவினால் அதில் நுங்கு வராது, நுங்கை வெட்டினால் பழம் விழாது, பழம் இல்லையென்றால் கிழங்குப் பாத்திக்குக் கொட்டை இல்லை. ஆகவே ஆண் பனை எல்லாவற்றையும் பதநீருக்குக் கொடுங்கள், பெண் பனையில் பாதியைக் கொடுங்கள், மீதியில் இரண்டு மூன்றை நுங்குக்கு வைத்துக்கொண்டு, பெரிய பழம் தருகிற மரங்களைத் தொடாமல் விடுங்கள்.

அவர் செய்வதைக் கீழிருந்து பாருங்கள். கடிப்பு என்கிற இடுக்கிக் கட்டையால் பாளையை நாள் கணக்கில் இதமாக நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயத்தை மாட்டுவார். சுண்ணாம்புதான் பதநீரைப் புளிக்கவிடாமல் தடுக்கிறது. சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அது கள், தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பதநீர் இறக்குவதற்கும் உரிமம் உண்டு, உங்கள் பகுதிப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு முறையாகச் செய்யுங்கள், பிற்பாடு சோதனை என்று யாராவது வந்தால் கலயம் உடைபடுவது அவருக்குத்தான்.

காலையில் இறக்கிய பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடியுங்கள், நுங்கைச் சீவிப் போட்டுக் குடித்தால் இன்னும் நன்று. பத்து மணிக்குள் குடித்துவிட வேண்டும்.

வீட்டளவில் கருப்பட்டி

விடிலி என்கிற காய்ச்சும் குடிசையில், தாச்சி என்கிற பெரிய வாயகன்ற சட்டியில் காய்ச்சுவது பெரும்பாலும் பனையேறியின் வீட்டம்மாதான், அந்த வெக்கையில் நாள் முழுக்க நிற்கிற உழைப்பு அது. ஒரு நாளாவது போய் நின்று பாருங்கள், பிறகு வீட்டில் பத்து லிட்டர் வைத்துச் செய்து பழகலாம். பத்து லிட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள், கடையில் விலை கேட்டு முகம் சுளிக்க மாட்டீர்கள்.

பதநீரைக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பு கலங்காமல் மேலாக இறுத்து, பன்னாடையிலோ துணியிலோ வடிகட்டுங்கள். வாயகன்ற பாத்திரம், காய்ந்த மட்டை விறகு. கொதி வந்ததும் நுரை பொங்கி எழும், அப்போது இரண்டு மூன்று ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் அடங்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், நிறம் மாறி, கொப்புளம் பெரிதாகி, கரண்டியில் எடுத்தால் பாகு கயிறாக இறங்கும். அங்கிருந்து கண்ணை எடுக்காதீர்கள். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் காய வேண்டும், விரலில் உருட்ட வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கசந்துவிடும், சீக்கிரம் இறக்கினால் கட்டியாகவே ஆகாது. இறக்கிய பிறகு மரத் துடுப்பால் விடாமல் துழாவி, இறுகத் தொடங்கும்போது நனைத்த சிரட்டைகளில் ஊற்றுங்கள். ஆறியதும் தட்டினால் கழன்றுவிடும். சுக்குத்தூள் சேர்த்துச் சின்னச் சின்னதாக ஊற்றினால் சில்லுக் கருப்பட்டி.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயரிலேயே சீனி கலந்த கருப்பட்டியும் நிறைய விற்கிறது. உடைத்த இடத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளவென்று மணி மணியாகத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான். வீட்டில் ஒரு தடவை காய்ச்சிப் பார்த்தவருக்கு நாக்கே சொல்லிவிடும், கருப்பட்டியில் மெல்லிய உப்புக் கரிப்பு இருக்கும்.

ஆனியோடு நுங்கு முடியும், ஆடியில் பாளை ஓய்ந்து பனையேறி கலயங்களைக் கழற்றுவார். வைத்திருக்கும் கருப்பட்டியை அதற்குள் ஓலைப் பெட்டியில் அடுக்கி, விறகடுப்பு இருந்தால் அதற்கு மேலே பரணில் ஏற்றிவிடுங்கள், புகை படுகிற இடத்தில் ஈரம் கோத்துக் கசியாது. அடுப்பு இல்லாத வீடென்றால் மண்பானையில் காய்ந்த ஓலையைச் சுற்றிலும் அணைத்து, வாயைத் துணியால் கட்டி, மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வெயில் காட்டுங்கள். சூளைக்காரர் மறுபடியும் வருவார், அநேகமாக ஆவணியில், நீங்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில். அவருக்கும் ஒரு பழம் சுட்டுக் கொடுங்கள்.